தேக்கு டிராயர் அலமாரி: பசை போட்ட இடமும் போடாத இடமும்

நான்கு டிராயர் வைத்த தேக்கு அலமாரி ஒன்றை வீட்டிலேயே செய்தேன். சென்னையின் கோடையையும் ஐப்பசி மழையையும் பல முறை பார்த்துவிட்டது. இத்தனை வருடம் புழங்கியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. எங்கே பசை போட்டோம் என்பதைவிட எங்கே போடாமல் விட்டோம் என்பதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலில் பசை. வாட்டர்ப்ரூஃப் ரக ஃபெவிகால்தான் போட்டேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஒட்டும் முகத்தை இழைத்த கையோடு தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டினேன். ஒரு இணைப்புகூட இதுவரை விடவில்லை. நம் ஊர் வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே விடிகாலையில் ஒட்டுவதே நல்லது. அதற்கு முன் பசையே இல்லாமல் ஒரு தடவை முழுசாகக் கோத்துப் பார்த்து, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளை அந்தந்த இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளாம்ப் முறுக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பது. உதவிக்கு வந்த ஆசாரி, "தம்பி, பசை காயறதுக்குள்ள மட்டம் பாருங்க, காஞ்சப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றார். ஒரு குறுக்களவு கூடுதலாக இருந்தது. அந்த மூலைகளின் பக்கமாக கிளாம்ப்பைக் கொஞ்சம் சாய்த்து இறுக்கினோம், இரண்டு அளவும் ஒன்றானது. இன்றைக்கும் டிராயர்கள் கோணாமல் ஓடுவதற்குக் காரணம் அந்தச் சில நிமிடங்கள்தான். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்கவில்லை. துடைத்தால் மரத்தின் துளைகளில் இறங்கி, பாலிஷ் போடும்போது வெளிறிய திட்டாகத் தெரியும். ஜெல்லி பதத்துக்கு வந்ததும் உளியால் சீவினால் நாடா மாதிரி உரிந்து வரும்.

இனி பசை போடாத இடங்கள். பக்கப் பலகை 18 அங்குல அகலம், மரத்தின் ரேகை மேலும் கீழுமாக ஓடுகிறது. மழைக்கும் கோடைக்கும் நடுவே அந்த அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிக் குறையும். டிராயர் ஓடும் சட்டமோ அதற்குக் குறுக்கே, முன்னிருந்து பின்னாக இருக்கிறது. நீளவாக்கில் அது அசையவே அசையாது. முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தால் பலகை எங்காவது வெடித்தே தீரும். அதனால் முன்பக்கம் மூன்று அங்குலத்துக்கு மட்டும் பசை. பின்னால், பலகை அசைய இடம் விடும் நீள்துளையில் ஒரு திருகு, அவ்வளவுதான். மேல் பலகையும் அப்படியே நீள்துளைத் திருகில்தான் நிற்கிறது. முதுகுப் பலகை, காடி என்கிற நீளப் பள்ளத்தில் பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இன்றுவரை எங்கும் ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

டிராயர் மூலைகளில் போட்டது புறா-வால் (டவ்டெயில்) இணைப்பு, அதாவது புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வது. துணியை அடைத்து வைத்துத் தினமும் இழுக்கிற டிராயருக்கு அந்த உழைப்பு தகும் என்பேன். ஆணியும் பசையும் மட்டும் நம்பிச் செய்தவை முகப்பிலேயே பிய்ந்து வருவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குறை என்றால், கீழ் டிராயர் கார்த்திகை வாக்கில் இறுகும். அப்போது இழைப்புளியை எடுக்கக் கூடாது. மழையில் சீவினால் சித்திரையில் சந்து விழுந்து ஆடும். ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டிவிட்டால் தை பிறந்ததும் தானாகத் தளர்ந்துவிடும்.