இந்தப் பக்கம் யாருடையது? 5.8, 5.9, 5.19 தந்த மூன்று பதில்கள்

எங்கள் கருவியில் கேமரா தரவை நேரே பயனர் நினைவகத்தில் கொட்டும் ஒரு டிரைவர் இருக்கிறது. லினக்ஸ் 5.10 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்துகொண்டு ஒட்டுப்போடுவதா, 6.1-க்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் 6.1 பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் சிவிஇ-2020-29374 என்ற பாதுகாப்பு ஓட்டையில் தொடங்கியது. ஒரு ப்ராசஸ் ஃபோர்க் ஆனதும், அதாவது தன்னைப் போலவே ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கியதும், தாயும் பிள்ளையும் ஒரே நினைவகப் பக்கத்தைப் பகிர்கின்றன, யாராவது எழுத வந்தால்தான் நகலெடுக்க வேண்டும். பிள்ளை அந்தப் பக்கத்தை விஎம்ஸ்ப்ளைஸ் என்ற அழைப்பு வழியாக, நகலெடுக்காமலே, ஒரு பைப்பில் செருகிவிட்டுத் தன் மேப்பிங்கை (முகவரி இணைப்பை) நீக்கிவிடுகிறது, அப்புறம் தாய் எழுத வரும்போது கெர்னல் மேப்கவுன்ட் (பக்கத்துக்கு எத்தனை மேப்பிங் என்ற எண்ணிக்கை) ஒன்றுதான் என்று பார்த்து, நகலெடுக்காமல் அதே பக்கத்தில் எழுத விடுகிறது. தாயின் ரகசியத்தைப் பிள்ளை பைப்பிலிருந்து படித்துக்கொள்ளலாம். எல்லா ஆப்களும் ஸைகோட் என்ற ஒரே தாய் ப்ராசஸிலிருந்து பிறக்கும் ஆண்ட்ராய்டில் இதை ஏட்டுச் சிக்கல் என்று தள்ள முடியாது.

5.8-இன் பதில்: கெர்னல் பக்கத்தைப் படிக்கத்தான் கேட்கிறது என்றாலும் எழுதப்போவதாக நினைத்து முன்கூட்டியே நகலெடுத்துவிடு. ஓட்டை அடைபட்டது. ஆனால் வெறும் வாசிப்பு எழுத்தாகிவிட்டதால் யூசர்ஃபால்ட்எஃப்டி எழுத்துத்தடை (பக்கத்தில் யாராவது எழுத வந்தால் நிரலுக்குச் சொல்லும் வசதி) போன்றவை குழம்பின. அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

5.9-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் செய்தது பார்க்க அழகானது. மேப்கவுன்ட்டை விட்டுவிட்டு ரெஃப்கவுன்ட்டைப் (பக்கத்தை எந்த வகையிலாவது பிடித்திருப்பவர்களின் மொத்த எண்ணிக்கை) பார், ஒன்றுக்கு மேல் இருந்தால் நகலெடு, அவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேர் என்று ரேஷன் கார்டைப் பார்ப்பதற்குப் பதில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவது மாதிரி. விருந்தாளியும் கணக்கில் வந்துவிடுவார். டிஎம்ஏவுக்காக (வன்பொருள் நேரே நினைவகத்தில் எழுதுவது) பின் செய்த, அதாவது இடம் மாறாமல் பிடித்துவைத்த பக்கத்தை, எம்ப்ரொடெக்ட் என்ற அனுமதி மாற்றும் அழைப்பால் வாசிக்க மட்டும் என்று மாற்றி, மறுபடி எழுத அனுமதித்துப் பாருங்கள்: அடுத்த எழுத்தில் கெர்னல் புதுப் பக்கத்தைத் தந்துவிடும், வன்பொருளோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்வாப் (பக்கத்தை வட்டுக்குத் தள்ளுவது) வழியாகவும் இதே கதை நடக்கலாம்.

5.19-இல் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹில்டன்பிராண்ட் எண்ணிக்கையை வைத்து ஊகிப்பதையே விட்டார். இந்த அநாமதேயப் பக்கம் (எந்தக் கோப்பையும் சாராத பக்கம்) ஒரே ப்ராசஸுக்குச் சொந்தம் என்பதைப் பக்கத்திலேயே ஒரு கொடியாகக் குறித்தார். கொடிக்குக் காலி பிட் தேடி அலையாமல், ஏற்கெனவே வேறு வகைப் பக்கங்களுக்குப் பயன்பட்ட ஒரு பிட்டையே எடுத்துக்கொண்டார். கொடி இருந்தால் எழுத்தில் நகல் கிடையாது, எனவே பின் செய்த பக்கம் கைமாறாது. கொடி இல்லாத பக்கத்தைப் பின் செய்ய வந்தால், முதலில் பிரித்துத் தனி நகலாக்கிவிட்டுத்தான் பின் செய்யும்.

அப்படியானால் இதையே பழைய 5.10-க்குக் கொண்டுவந்து பேக்போர்ட் செய்யலாமே என்பார்கள். என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். அந்தப் பேட்ச் வரிசை ஃபோர்க், ஸ்வாப், மைக்ரேஷன் (பக்கத்தை இடம் மாற்றுவது), கேஎஸ்எம் (ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்குவது), பெரிய பக்கங்கள் என்று எல்லாவற்றையும் தொடுகிறது. பக்கம் ஸ்வாப்புக்குப் போய்த் திரும்பினாலும் கொடி தொலையக்கூடாது என்பதால் பக்க அட்டவணையில் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் ஒரு பிட் ஒதுக்க வேண்டும், எல்லா ஆர்க்கிடெக்சர்களுக்கும் அது வந்து சேர்ந்ததே 6.3-இல்தான். நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஸ்டேபிள் பதிப்பு வரும்போதும் எம்எம் (நினைவக நிர்வாகக்) கோப்புகளில் முட்டும், அந்த முட்டலைத் தவறாகத் தீர்த்தால் கம்பைலர் காட்டிக்கொடுக்காது, வாடிக்கையாளர் படத்தில் கோடு விழும்போதுதான் தெரியும். 6.1-க்குப் போனால் டிரைவர்களை ஒருமுறை திருத்தும் வேலை, கஷ்டம்தான், ஆனால் அது முடிந்துவிடும்.

6.1-உம் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அங்கே ஓ_டைரக்ட் (இடைச்சேமிப்பு இல்லாமல் நேரே வட்டோடு படித்து எழுதுவது) இன்னும் பழைய பாணியில்தான் பக்கத்தைப் பிடிக்கிறது, ஐஓ நடக்கும்போதே ஃபோர்க் செய்தால் பழைய ஆபத்து அப்படியே இருக்கிறது. வேகத்தைப் பற்றி நான் பெரிதாகப் பேச முடியாது. ஆர்ம்64-இல், அதுவும் எங்கள் ஒரே வகைச் சுமையில்தான் ஓட்டினேன், வித்தியாசம் கண்ணில் படவில்லை.

5.10-ஐ விட முடியாதவர்கள் பின் செய்யும் பஃபரை ஸ்வாப்புக்குப் போகாதபடி எம்லாக் செய்து, எம்அட்வைஸ் அழைப்பு மூலம் ஃபோர்க்கிலிருந்து விலக்கி, அதன் மேல் எம்ப்ரொடெக்ட் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.