சேனையா, பிடிகருணையா?

கடையில் "கருணைக்கிழங்கு அரை கிலோ" என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு சரக்கு வரும். ஓரிடத்தில் பெரிய சேனையைக் கீறித் தருவார்கள்; இன்னோரிடத்தில் கைக்குள் அடங்கும் பிடிகருணையை அள்ளிப் போடுவார்கள். நான் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன், விரலை நீட்டிக் காட்டிவிடுகிறேன்.

இரண்டும் சேம்புக்குச் சொந்தம்தான். இரண்டின் மேலும் ஒரே புகார்: காறும். சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. அது குத்தித்தான் நாக்கும் தொண்டையும் நமைக்கின்றன.

சேனையில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. ஆந்திராவின் கொவ்வூரில் தேர்ந்தெடுத்த கஜேந்திரா ரகம் அவ்வளவாகக் காறாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, துண்டு போட்டு, புளித்தண்ணீரில் மஞ்சள்தூளோடு அரை வேக்காடு, அப்புறம் தோசைக்கல்லில் வறுவல். அலுவலகம் போகும் நாளிலும் முடிகிற வேலை. நெல்லைப் பக்கம் பொங்கல் படையலில் இதற்கு இடம் உண்டு. காசியில் தீபாவளிக்குச் சேனைக் கறி வைக்கிறார்கள். (இலைக்கு முன்னால் வரும் அதன் பூ மட்டும் வீட்டுக்கு ஆகாது. அழுகிய இறைச்சி வாடை.)

பிடிகருணை அவசரக்காரர்களுக்கு இல்லை. தோண்டிய புதிதில் சமைத்தால் பழிவாங்கும். ஒருமுறை விருந்தாளி வந்த நாளில் மண் காயாத கிழங்கை மசித்து வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, மோர் மட்டும் இரண்டு சொம்பு காலியானது. வாங்கி ஒரு மாதமாவது காற்றாடப் போட்டுவைக்க வேண்டும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் தோலோடு குழைய வேகவைத்து, உரித்து, துவரம்பருப்பும் புளியும் சேர்த்து மசிக்க வேண்டும்.

வறுவல், எரிசேரி, சிப்ஸ் என்றால் நான் சேனைப் பக்கம். பிடிகருணையைத் துண்டு போட்டு வறுப்பது வீண் வேலை. மசியலுக்கோ சேனை தோற்றுவிடும். எவ்வளவு கடைந்தாலும் மாவு மாவாகத்தான் நிற்கும், பிடிகருணையின் வழவழப்பு வராது. மூலத்துக்குச் சித்த மருத்துவர்கள் தரும் லேகியமும் கருணையின் பேரில்தான் இருக்கிறது.

வெட்டிய சேனையை மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும், வெட்டுப்பக்கம் கறுத்துவிடும். பிடிகருணை கூடையில் கிடந்து முளைவிட்டாலும் கவலையில்லை, தொட்டியில் ஊன்றிவிடலாம்.