காலர் ட்யூனா, வாசலுக்கு வந்த நர்ஸம்மாவா?

நோய் பற்றிய செய்தியை மக்களிடம் கொண்டு சேர்க்க இந்த இரண்டில் எது நல்லது? கொரோனா பரவிய 2020 மார்ச்சில் யாருக்கு போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல், பிறகு கை கழுவச் சொல்லும் குரல். நாடு முழுக்கச் சட்டென்று போய்ச் சேர்ந்தது, அதுதான் காலர் ட்யூனின் பலம். ஆனால் அவசரத்துக்கு ஒருவரைப் பிடிக்கும்போதும் அதே பாட்டு. பத்து நாளில் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டது.

கிராம சுகாதார செவிலியர் வேகத்தில் தோற்றுவிடுவார். ஒரு தெருவை முடிக்கவே மதியமாகிவிடும். ஆனால் அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்கலாம்.

இது உறைத்தது 2021 ஏப்ரலில். நடிகர் விவேக் 15-ம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சுகாதாரத்துறை சொன்னது, பின்னர் மத்தியக் குழுவும் சொன்னது. எங்கள் பெரியம்மா அசையவில்லை.

வாசலுக்கு வந்த நர்ஸம்மாவிடம்தான் கேட்டார்: "நல்லா இருந்த மனுசன் போயிட்டாரே, எனக்கு பிரஷர் வேற இருக்கு?"

நர்ஸம்மா திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதை நிறுத்தாம சாப்பிடுங்க. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்போம், நானும் பக்கத்துல இருப்பேன்."

அடுத்த வாரம் பெரியம்மா பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனார்.

முகாம் எங்கே, எப்போது என்று சொல்ல காலர் ட்யூனே போதும். பயத்தைப் போக்க என் ஓட்டு நர்ஸம்மாவுக்கு. சிக்கல் என்னவென்றால், சமவெளியில் அவர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு 5,000 பேர் என்பது கணக்கு.