சிகப்பு ரோஜாக்களா, ராட்சசனா?

தொடர் கொலைகாரனை மையமாக வைத்த தமிழ்ப் படம் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது? 1978-இல் பாரதிராஜா எடுத்த சிகப்பு ரோஜாக்கள், 2018-இல் ராம்குமார் எடுத்த ராட்சசன், இரண்டும் என் மனதுக்கு நெருக்கமானவை.

ராட்சசனில் கொலையாளி யார் என்று வெகுநேரம் தெரியாது. சினிமா எடுக்க ஆசைப்பட்டு போலீஸ் வேலைக்கு வந்த அருணோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம். பரிசுப் பெட்டியைத் திறந்தால், முகம் சிதைக்கப்பட்ட பொம்மை. கூடவே ஜிப்ரானின் இசை. அந்தப் பெட்டியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். விறுவிறுப்பு வேண்டுமென்றால் இதுதான், சந்தேகமே இல்லை.

சிகப்பு ரோஜாக்கள் வேறு ரகம். கொலைகாரன் திலீப் என்பது நமக்கு முன்பே தெரியும். அவனை நம்பித் திருமணம் செய்துகொள்ளும் சாரதாவுக்குத் தெரியாது. ஸ்ரீதேவி அந்தப் பெரிய வீட்டில் தனியாக நடக்கும்போது, "போகாதே" என்று கத்தத் தோன்றும். தோட்டத்து ரோஜாக்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவற்றைப் பார்ப்பது லேசான விஷயமில்லை. கமல் வில்லத்தனமாக உறுமுவதில்லை. அழகாகச் சிரிக்கிறார், அதுதான் உறைய வைக்கிறது.

இரண்டுமே கொலையாளியின் கடந்த காலத்துக்குப் போகின்றன. ராட்சசனில் அது ஒரு விளக்கமாக வந்து போகிறது. பழைய படத்திலோ, அவனை இப்படி வளர்த்தவரும் அதே வீட்டில் இருக்கிறார். பெண் வெறுப்பு கைமாறுவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். அதனால் என் ஓட்டு சிகப்பு ரோஜாக்களுக்கே.