அம்மம்மாவின் வட்டாவுக்குள் நிக்கோட்டின் சுவிங்கம்: 14 கிழமை பாவித்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேப்பை (மின் சிகரெட்டை) விடுவதற்கு இந்தச் சாமான் வேலை செய்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிக்காமல், சாதாரண சுவிங்கம் மாதிரிச் சவைத்தால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். எனக்கு முதல் நான்கு நாளும் அதுதான். ஐந்தாம் நாள் அம்மம்மா சொல்லித்தந்த பிறகுதான் சரிவந்தது. அவருக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது. வெற்றிலை போடத் தெரியும்.

நான் டுபாயில் நாலரை வருஷம் ஏசி வேலை செய்தவன். போகும்போது ஒரு பழக்கமும் இல்லை. கேம்பில் எங்கள் அறையில் ஆறு பேர், அதில் நாலு பேர் சிகரெட். கீழே இறங்கிப்போய்த்தான் குடிக்க வேண்டும், அறைக்குள் குடித்தால் அலாரம் அடிக்கும். பிறகு வேப் வந்தது. அங்கே 2019 இலிருந்து சட்டப்படி விற்கிறார்கள். கடையில் இனிப்புப் போத்தல் அடுக்கின மாதிரி நிறம் நிறமாக அடுக்கியிருப்பார்கள். நான் பிடித்தது மாம்பழ ஐஸ். சிகரெட்டையே தொடாதவன், ‘இது சும்மா வாசம்தானே’ என்று தொடங்கினேன்.

சிகரெட் ஒன்று முடிந்தால் முடிந்தது, விரலைச் சுடும், போடுவீர்கள். வேப்புக்கு முடிவு என்று ஒன்று இல்லை. ஏணியில் நின்று இன்டோர் யூனிட்டைக் கழற்றும்போதும் ஓர் இழுவை. சாமத்தில் ஒன்றுக்கு எழும்பினால் ஓர் இழுவை. காலையில் கண் திறக்க முன்னமே கை தலையணைக்கடியில் தடவும். உள்ளே இருப்பது நிக்கோட்டின் உப்பு. பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பதால் தொண்டையில் கரகரப்புக் குறைவு. எவ்வளவு உள்ளே போகிறது என்று தொண்டைக்கே தெரியாது. என்னுடையதில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்று அச்சடித்திருந்தது. அந்த இலக்கத்தை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

ஊருக்கு, மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக்கு, வரும்போது பெட்டிக்குள் மூன்று இருந்தன. இலங்கையில் 2016 இலேயே தடை செய்த சாமான் அது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். மூன்றும் முடிய மூன்று கிழமைகூட எடுக்கவில்லை. பிறகு, போனில் மெசேஜ் போட்டால் சந்திக்குக் கொண்டுவந்து தரும் ஒருத்தனிடம் ஒன்று வாங்கினேன். பழந்துணி எரிந்த மாதிரி ருசி, பின்னேரம் முழுக்கத் தலையிடி. கழற்றிப் பார்த்தேன். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று வாங்கின எனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரிந்திருக்காது.

விடவேண்டும் என்று நினைத்தது நெஞ்சைப் பற்றிய பயத்தில் இல்லை, தொழிலில். பார் வீதியில் ஒரு வீட்டுக்கு ஏசி பூட்டப் போனேன். காலையிலிருந்து ஓர் இழுவையும் இல்லை. செப்புக் குழாய்க்குப் பிளேர் அடிக்கும்போது, அதாவது நட்டுப் பூட்ட அதன் வாயை விரிக்கும்போது, கை நடுங்கிக் குழாயின் வாய் கோணலாகிவிட்டது. கண்ணுக்குப் பிடிபடவில்லை. பூட்டிக் காஸ் விட்டபிறகு சவர்க்கார நுரை தடவினால் நட்டடியில் குமிழி குமிழியாக வருகிறது. திரும்பக் கழற்றி, வெட்டி, அடித்து, அரை நாள் போனது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீ தந்தார். அதுதான் கூச்சமாக இருந்தது.

சரி, சாமானுக்கு வருவோம். மட்டக்களப்பு டவுனில் மூன்று பார்மசியில் கேட்டேன், கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் “நிக்கோட்டினமைட்டா?” என்று கேட்டார்கள். அது விற்றமின் பி3. கடைசியில் டுபாயிலிருந்து வந்த சிநேகிதன்தான் 4 மில்லிகிராமில் இரண்டு பெட்டியும் 2 மில்லிகிராமில் ஒன்றும் கொண்டுவந்தான். பிராண்டின் பெயர் எழுதவில்லை, எந்தப் பிராண்டிலும் மருந்து ஒன்றுதான். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4, அதற்குப் பிந்தியவர்களுக்கு 2 என்று தாளில் இருக்கிறது. வேப்புக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. கண் திறக்க முன்னமே இழுக்கிற ஆள் எதை எடுக்க வேண்டும் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

முதல் துண்டைப் போட்டதும் வாய்க்குள் மிளகு கடித்த மாதிரி ஒரு காரம். புதினா என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், புதினா பேருக்குத்தான். நான் மாம்பழ ஐஸ் ஆள், பத்து நிமிஷத்தில் அழுத்தி அழுத்தி மென்று, ஊறின எச்சிலையெல்லாம் விழுங்கினேன். விக்கல். நெஞ்சுக்குழிக்குள் தணல். இழுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் விக்கலும் சேர்ந்துகொண்டது. நான்கு நாளில் ‘காசைக் கடலில் போட்டாச்சு’ என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் திண்ணையில் இருந்து மென்றுகொண்டிருக்கிறேன். அம்மம்மா பக்கத்தில் காலை நீட்டி, பாக்குரலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். முன்னுக்கு வட்டா, அவருடைய வெற்றிலைத் தட்டு. உலக்கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“என்ன மனே, மாடு அசைபோட்ட மாதிரி மெல்லுறாய்?”

விஷயத்தைச் சொன்னேன். வேப் என்றால் அவருக்கு விளங்காது, ‘சுருட்டு மாதிரி ஒன்று, அதை விடுறதுக்கு இது’ என்றேன்.

“அப்ப இதுக்குள்ளயும் பொயிலைச் சத்துத்தானே?”

“ஓம்.”

“பொயிலைய ஆராச்சும் மென்டு முழுங்குவாங்களா? விக்கல் வராம என்ன வரும்? ஒள்ளுப்பம் கடி. காரம் ஏறினோண்ண கடவாய்க்குள்ள ஒதுக்கிப்போட்டுச் சும்மா இரி. காரம் அடங்கினா மறுகா கடி.”

பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதே விஷயம், படம் போட்டு. மெதுவாக மெல்லு, கூசினதும் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் நடுவில் வை, கூச்சம் போனதும் திரும்ப மெல்லு, ஒரு துண்டு அரை மணித்தியாலம். நிக்கோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக இரத்தத்துக்குப் போக வேண்டும். வயிற்றுக்குப் போனால் பலன் குறைவு, தொந்தரவு கூட.

இன்னொன்றும் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். வாய்க்குள் காரத்தன்மை (மிளகுக் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரானது) இருந்தால்தான் நிக்கோட்டின் தோல் வழியே லேசாக உள்ளே போகும். அதற்காகத்தான் இந்தச் சுவிங்கத்தில் சோடியம் காபனேற் போன்ற உப்புச் சேர்க்கிறார்கள். அம்மம்மா வெற்றிலையின் முதுகில் தடவுகிற சுண்ணாம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. துண்டைப் போடுவதற்கு கால் மணித்தியாலம் முன்னாலிருந்து கோப்பி, சோடா, பழச்சாறு கூடாது என்று தாளில் போட்டிருப்பதும் இதனால்தான், புளிப்பு அந்தக் காரத்தன்மையைக் கெடுத்துவிடும். நான் வேலை இடங்களில் சோடாவைக் குடித்துக்கொண்டே மென்றவன். இந்தச் சுவிங்கம் பிறந்த கதையும் கிட்டத்தட்ட எங்கள் திண்ணைதான். 1960களின் கடைசியில் சுவீடனில், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சிகரெட் குடிக்க முடியாத மாலுமிகள் வாயில் புகையிலையை ஒதுக்கிச் சமாளித்ததைக் கேள்விப்பட்டுத்தான் ஓவ ஃபெர்னோ என்பவர் இதைச் செய்யத் தொடங்கினார்.

இதை வைத்து வெற்றிலைக்கு நான் சான்றிதழ் தருகிறேன் என்று எடுக்க வேண்டாம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்குப் போடுவது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. அம்மம்மாவிடமும் சொன்னேன். “உன்ட அப்பாவும் இதத்தான் சொன்னவன்” என்று இடிக்கத் தொடங்கிவிட்டார்.

முறை சரியானதும் வித்தியாசம் தெரிந்தது. வேப் இழுத்தால் சில செக்கனில் மூளைக்குப் போகும். சுவிங்கம் ஏற இருபது, முப்பது நிமிஷம் எடுக்கும். ஆகையால் ஆசை வந்தபிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை, வர முன்னமே போட வேண்டும். வேலைக்குப் போனால் ஏணியை விரிக்க முன்னம் ஒரு துண்டு. முதல் ஆறு கிழமை மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 24 துண்டுக்கு மேல் கூடாது, நான் ஆகக் கூடினது 13. முதல் மூன்று நாளும் பேய் பிடித்த மாதிரித்தான் இருந்தது. அக்காவோடு சண்டை, நித்திரை இல்லை. சுவிங்கம் அதைக் குறைத்தது, இல்லாமல் ஆக்கவில்லை. விளம்பரப் படத்தில் சிரிக்கிற ஆளை நம்ப வேண்டாம்.

ஏழாம் கிழமையிலிருந்து இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். என்னிடம் பெட்டி இருந்தால் குறையாது என்று எனக்கே தெரியும். அம்மம்மாவிடம் கொடுத்தேன். அவர் மணிக்கூடு பார்க்கிற ஆள் இல்லை. பக்கத்து ஊர் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகைப் பாங்கு கேட்டால் ஒரு துண்டு தருவார். ஐந்து பாங்குக்கு ஐந்து. காலைக்கும் மதியப் பாங்குக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று கெஞ்சி, அவர் காலை வெற்றிலை போடும் நேரத்தில் இன்னொன்று. ஆக ஆறு. வேலை இருக்கிற நாளில் சேட்டுப் பொக்கெட்டில் எண்ணிப் போட்டு அனுப்புவார், மிச்சம் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பின்னேர அசர் பாங்குக்குப் பத்து நிமிஷம் முன்னாடிப் போய் நின்றேன். “பாங்கு சொல்லட்டும்” என்றார். நானும் ஆரையம்பதியில் பிறந்தவன்தான், அன்று மாதிரி ஒரு நாளும் பாங்குக்குக் காத்திருந்ததில்லை.

வட்டாவில் வைத்ததில் ஒரு பிழையும் நடக்கப் பார்த்தது. அக்காவின் மகனுக்கு நாலு வயது. வெள்ளைத் துண்டு, இனிப்பு என்று நினைத்துக் கையை விட்டுவிட்டான். நல்லவேளை அட்டையின் பின்தாளை அவனால் உரிக்க முடியவில்லை. (அதை உரிக்க எனக்கே நகம் வேண்டும். முதலில் தாளை உரிக்க வேண்டும், பிறகு தள்ள வேண்டும். நடுங்குகிற கைக்கு இப்படி ஒரு அட்டையை யார் கண்டுபிடித்தார்களோ.) சின்னப்பிள்ளைக்கு இது நஞ்சு. அன்றிலிருந்து அலுமாரியில் பூட்டுப் போட்டு, சாவி மட்டும் வட்டாவில். மென்று துப்பின துண்டிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், தாளில் சுற்றித்தான் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகளோ நாயோ இருந்தால் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஒரு தரம் வழுக்கினேன். மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து சிநேகிதர்களோடு கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். ஒருத்தன் நீட்டினான், வாயில் சுவிங்கம் இருக்கும்போதே மூன்று இழுவை இழுத்தேன். தலை சுற்றி, மணலில் குந்தி, சத்தி. மறுநாள் பழைய எண்ணிக்கைக்கே திரும்பினேன், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு. முதல் மாதம் சுவிங்கம் மலிவு என்று சொல்ல முடியாது, வேப்புக்குப் போனதுக்கு அண்மித்துத்தான் போனது. இரண்டாம் மாதத்திலிருந்து பாதி. மூன்றாம் மாதம் 2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று துண்டு, அதோடு செலவு தெரியாமல் போய்விட்டது. எங்கள் பக்கம் லேசாகக் கிடைக்காததுதான் பெரிய குறை. வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இது நிக்கோட்டினைச் சிறிது சிறிதாகக் கொடுத்துத்தான் நிக்கோட்டினை விடவைக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 12 கிழமையில் முடிக்க வேண்டியது எனக்கு 14 ஆகியும் நாளைக்கு ஒன்று போகிறது. இருதய வருத்தக்காரர், கர்ப்பிணிகள், பொய்ப்பல் கட்டியிருப்பவர்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாக வாங்கி மெல்லாமல் டொக்டரைக் கேளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ருசிக்கு அரை, அட்டைக்கு அரை கழித்தாயிற்று.

போன கிழமை பார் வீதி வீட்டுக்கு சேர்விசுக்குப் போனேன். எல்லா நட்டிலும் நுரை தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து, கடைசி அட்டையில் இருந்த ஐந்து துண்டையும் எண்ணிவிட்டு, பொயிலைக்குப் பதில் தனக்கும் ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பல் இல்லையே, பாக்குரலில் இடித்துத் தரட்டா என்றேன். உலக்கையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.