ஒரு நாள் ஷூட்டிங், மூணாறு மலை, ரத்தான ஜிஎஸ்டி எண்

தேயிலை பாக்டரி, ரிசார்ட், பள்ளிக்கூடம் என்று நீலகிரியில் எதை நடத்தினாலும் "ஒரு கார்ப்பரேட் வீடியோ எடுத்துடலாமே சார்" என்று யாராவது வந்து நிற்கிறார்கள். எங்களிடம் வந்தவர்கள் கீழே சமவெளியில் இருந்து வந்தவர்கள். பெயர் வேண்டாம். செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன், இதே பேச்சோடு யார் வந்தாலும் உஷாராக இருங்கள்.

எங்களுடையது குன்னூர் பக்கம் ஒரு சின்ன பாக்டரி. சுற்றுவட்டார விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிறோம், கொஞ்சம் பாக்கெட் போட்டும் விற்கிறோம். கேமராவுக்காக வேலையை அடிக்கடி நிறுத்தி வைக்க முடியாது. அதனால் ஒரே நாளில் எடுப்பதை வைத்து மூன்று நிமிடப் படம் ஒன்று, போனில் பார்க்கிற மாதிரி நெட்டு வாக்கில் சின்னச் சின்ன வீடியோக்கள், பாக்கெட்டிலும் காலண்டரிலும் போட ஸ்டில் போட்டோக்கள், இவ்வளவும் வேண்டும் என்று கேட்டோம். "ஒரு நாள் போதும், ஒரு வருஷத்துக்கு கன்டென்ட் தர்றோம்" என்றார்கள். கொட்டேஷனில் 4கே கேமரா, ட்ரோனுக்குத் தனியாக 15,000 ரூபாய், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இடத்தை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றதற்கு, கூகுள் மேப்பில் பார்த்தாயிற்று என்று பதில் வந்தது.

காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் வந்தது பதினொன்றைத் தாண்டி. 2024 மே மாதத்தில் இருந்து வெளி மாவட்ட வண்டி மேலே ஏற இ-பாஸ் வேண்டும் என்பது தெரியாமல் மலையடிவாரக் கல்லார் சோதனைச் சாவடியில் நின்றிருக்கிறார்கள். போதாததற்கு வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக. மலையில் அதற்குத் தடை இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா, தொழிலே ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பது!

இலை எங்களுக்குச் சாயங்காலம்தான் வந்து சேரும். ராத்திரி முழுக்கத் தொட்டியில் வாடும். விடிவதற்கு முன்பே சிடிசி மெஷினில், அதாவது பல் வைத்த ரோலர்களுக்கு நடுவில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற மெஷினில், அரைப்பு ஆரம்பமாகிவிடும். அன்று வரத்து வேறு கம்மி. இவர்கள் ட்ரைபாட் பிரிக்கும்போது அரைப்பு முடிந்து மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "சும்மா ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்றார் டைரக்டர் என்று சொல்லிக்கொண்டவர். இரண்டு ரோலரும் உரசிக்கொள்கிற நெருக்கத்தில் சுற்றுபவை, இலை இல்லாமல் ஓட்டினால் பல் போய்விடும். போர்மேன் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பல்லு போனா நீங்க கட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தோட்டத்தில் நடந்தது இன்னும் கூத்து. எங்கிருந்தோ ஒரு மூங்கில் கூடை கொண்டுவந்திருந்தார்கள். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவரை அதை முதுகில் மாட்டிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் கத்தரியால் வெட்டிச் சாக்குப் பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். "இதை எங்க பாட்டி போட்டிருந்திருப்பாங்க, எனக்கு மாட்டத் தெரியாதே" என்றார் அந்த அக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்புதான் அன்றைய நாளிலேயே உண்மையான காட்சி. கேமரா அப்போது ஓடவில்லை.

மதியத்துக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டது. ட்ரோன் பெட்டியைத் திறக்கவே இல்லை. மஞ்சு இல்லாவிட்டாலும் பறக்கவிட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் எந்த இடம் எந்த மண்டலம் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பைலட் சான்றிதழைக் கேட்டேன், ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். 15,000 மட்டும் பில்லில் அப்படியே இருந்தது.

முதலாளியின் பேட்டியை ஓடிக்கொண்டிருந்த டிரையருக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். சட்டையில் மைக் மாட்டியிருந்தாலும், அவர் பேசுவது பாதி, டிரையர் பேசுவது பாதி.

பல நினைவூட்டலுக்குப் பிறகு படம் வந்தது. முதல் காட்சியே வானத்தில் இருந்து பச்சைப் பசேல் என்று ஒரு தோட்டம். ஆபீஸில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். எங்களுக்கு இலை போடும் பெரியவர் ஒருவர் மட்டும், "அந்த மூலையில தண்ணி தெரியுது பாருங்க, மாட்டுப்பெட்டி அணை மாதிரி இருக்கே" என்றார். நிறுத்திப் பார்த்தால் அதேதான். எங்கள் தேயிலைக்கு விளம்பரம், காட்சி கேரளத்து மூணாறு! இணையத்தில் கிடைக்கிற ஸ்டாக் வீடியோவை ஒட்டியிருக்கிறார்கள். யூடியூபில் ஏற்றியதும் பின்னணி இசைக்குப் பதிப்புரிமை அறிவிப்பு வேறு வந்து சேர்ந்தது.

பாக்கெட் போடும் அறைக் காட்சியில் மேலிருந்து கீழே கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் இது தெரியாது. கேமரா பிடிக்கிறவருக்கு இது பாலபாடம். அதனால் இனி யாரிடம் பேசினாலும், எங்கள் அறையிலேயே பத்து விநாடி எடுத்து, லேப்டாப்பில் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

சரி, அந்தச் சின்ன வீடியோக்கள் எங்கே? "அது தனி எடிட்டிங் சார்ஜ்" என்றார்கள். அப்படியானால் எடுத்ததை எல்லாம் எங்களிடமே கொடுங்கள், இங்கேயே ஒரு பையனை வைத்து வெட்டிக்கொள்கிறோம் என்றதற்கு, ஒரிஜினல் பைல்களுக்கு 40,000 கேட்டார்கள்! அது அவர்கள் சொத்தாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதைக் காட்டி வக்கீல் கடிதம் போன பிறகுதான் ஹார்ட் டிஸ்க் கூரியரில் வந்தது. உங்கள் வேலை ஆணையில் "ஒரிஜினல் பைல்கள் அனைத்தும், எடிட் ப்ராஜெக்ட்டோடு, கடைசித் தவணைக்கு முன்" என்று ஒரு வரி இருந்தால் வக்கீல் செலவு மிச்சம்.

டிஸ்கைத் திறந்தால் அடுத்த இடி. எல்லாமே ஃபுல் ஹெச்டி. 4கே என்றால் நெட்டு வாக்கில் வெட்டினாலும் அகலத்தில் 1,200 பிக்சலுக்கு மேல் நிற்கும், போனுக்கு அது தாராளம். ஃபுல் ஹெச்டியில் வெட்டினால் 607 பிக்சல்தான், முகமெல்லாம் மசமசவென்று இருக்கும். முதலாளியை வேறு ஓரத்தில் உட்கார வைத்து நடுவில் லோகோவை எடுத்திருக்கிறார்கள், நடுப்பகுதியை மட்டும் நெட்டு வாக்கில் வெட்டினால் அவர் காணாமலே போய்விடுவார். ஷூட்டிங் அன்றே முதல் கார்டில் ஒரு பைலின் அளவைப் பார்த்தால் போதும், 3840-க்கு 2160 என்று இருக்க வேண்டும். ஸ்டில்? அதுவும் வீடியோவில் இருந்து பிடித்தவைதான்.

குன்னூர்ப் பையன் அந்தக் குப்பையைக் கிளறி நான்கைந்து துண்டுகள் தேற்றிக் கொடுத்தான். அதில் ஒன்று, கூடை மாட்டத் தெரியாத அக்கா கேமராவைப் பார்த்து முறைப்பது. அவரிடம் கேட்டுத்தான் போட்டோம். நன்றாகவே போகிறது.

அப்புறம் ஆடிட்டர் ஜிஎஸ்டி பில் கேட்டார். எங்களிடம் இருந்தது கொட்டேஷனும், வெறும் ரசீதும்தான். ரசீதில் இருந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பார்த்தார். பதிவு எப்போதோ ரத்தாகியிருக்கிறது. வரி என்று வாங்கிய 18 சதவீதம் எங்கே போனது என்று கேட்டு மெயில் அனுப்பினோம். பதில் இல்லை. புகார் கொடுக்கிற வேலையை ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களிடம் யாராவது கொட்டேஷன் நீட்டினால் அந்த எண்ணை முதலில் தட்டிப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.