சிப்ஸ் பாக்கெட், தகரக் கூரை, ஈர இலை: ஜி.பி.எஸ். சிக்னலை எது மறைக்கும், எது விடும்?

ஒரு அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகை, காலி சிப்ஸ் பாக்கெட். இரண்டில் எது ஜி.பி.எஸ். சிக்னலை மறைக்கும்? பலகையைத் தாண்டி சிக்னல் கொஞ்சம் தேய்ந்தாலும் வந்துவிடும். பாக்கெட்டுக்குள் வைத்து வாயை மடித்தால் கருவிக்கு ஒரு செயற்கைக்கோளும் கிடைக்காது. கனத்தையும் உறுதியையும் வைத்து நாம் போடும் கணக்கு இங்கே எடுபடாது. அந்தப் பொருளில் மின்சாரம் பாயுமா, அதில் தண்ணீர் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே போதும். மலையேறுகிறவர், கடலுக்குப் போகிறவர், பைக்கில் ஊர் சுற்றுகிறவர் எல்லோருக்கும் கருவியை எங்கே வைப்பது என்ற குழப்பம் உண்டு. அதனால் அன்றாடம் கைபடும் பொருள்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

முதலில் சிக்னலின் நிலைமை. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து சில பத்து வாட் சக்தியில் அது கிளம்புகிறது. நம் கைக்கு வந்து சேர்வது ஒரு வாட்டின் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். கருவிக்குள்ளேயே இருக்கும் மின் இரைச்சலைவிடக் குறைவு அது. செயற்கைக்கோள் மில்லி செகண்டுக்கு ஒரு முறை அனுப்பும் 1,023 துண்டுக் குறியீடு கருவிக்கு முன்பே தெரியும் என்பதால்தான் இரைச்சலுக்குள்ளிருந்து அதைப் பிடிக்க முடிகிறது.

இழப்பை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் போனால் சிக்னல் பாதியாகும், 10 போனால் பத்தில் ஒரு பங்கு, 20 போனால் நூற்றில் ஒரு பங்கு. இரைச்சலுக்கு எதிரே சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைக் கருவிகள் டெசிபல்-ஹெர்ட்ஸ் என்ற எண்ணில் காட்டும். திறந்த வானத்தில் ஒரு நல்ல செயற்கைக்கோளுக்கு அது 40 முதல் 50 வரை இருக்கும். 25-க்குக் கீழே போனால் தடுமாற ஆரம்பிக்கும். ஆக, நம் கையில் இருக்கும் செலவுப் பணம் 15, 20 டெசிபல்தான். ஒவ்வொரு பொருளும் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் போட்டி.

துணி, பிளாஸ்டிக், தெர்மோகோல்

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காய்ந்த பருத்தி, நைலான், ரெக்சின், தோல் பை, பாலித்தீன் கவர், ரப்பர் உறை எதுவும் பெரிதாகக் குறைக்காது. தெர்மோகோல் பெட்டியும் அப்படித்தான். மழைக்குக் கவருக்குள் போட்டால் சிக்னல் போய்விடுமோ என்று பயப்படவே வேண்டாம். காய்ந்த பலகை, பிளைவுட் எல்லாம் சில டெசிபலோடு விட்டுவிடும். ஈரப் பலகை கூடுதலாக எடுக்கும். அதன் காரணம் அடுத்த ஆளிடம் இருக்கிறது.

தண்ணீரும் நம் உடம்பும்

"மேகமா இருக்கு, அதான் ஜி.பி.எஸ். எடுக்கலை" என்று பலர் சொல்வார்கள். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மழைக்கும் கிட்டத்தட்ட இல்லை. ஜி.பி.எஸ். வழக்கமாக வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 19 செ.மீ. சில மில்லிமீட்டர் மழைத்துளிகள் அதன் கண்ணில் படுவதில்லை. தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும்போதுதான் கதை மாறுகிறது. நல்ல தண்ணீரில் ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சுமார் ஒரு டெசிபல் போகும். அதற்கு முன்பே தண்ணீரின் மேற்பரப்பு கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். உப்புத் தண்ணீர் ரொம்ப மோசம், மின்சாரம் பாயும் தண்ணீர் அல்லவா? கடல் நீரில் ஒரே செ.மீ. ஆழத்துக்கு ஒன்பது டெசிபல் அளவுக்குப் போகும். ஐஸ்கட்டி இதற்கு நேர்மாறு. உறைந்த தண்ணீர் சிக்னலை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

நம் உடம்பும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அதனால் கருவியை உடம்பில் எங்கே வைக்கிறோம் என்பது, என்ன உறை போடுகிறோம் என்பதைவிடப் பல மடங்கு முக்கியம். உறைக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

பேன்ட் பின்பக்கப் பை கடைசி இடம். உட்கார்ந்தால் உடம்புக்கும் இருக்கைக்கும் நடுவில் புதைந்துவிடும். சட்டைப் பை பரவாயில்லை, ஆனால் முதுகுப் பக்கம் இருக்கும் பாதி வானத்தை மார்பு மறைக்கும். வடக்கு நோக்கி நடக்கும்போது தெற்கே இருக்கும் செயற்கைக்கோள்கள் போகும், திரும்பி வரும்போது வடக்கே இருப்பவை போகும். ஒரே பாதையில் போய் வந்தாலும் வரைபடத்தில் இரண்டு கோடுகள் விலகித் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையில் பிடிப்பது நல்லது, ஆன்டெனா மேல் விரல் படாதவரை. பல கருவிகளிலும் போன்களிலும் ஆன்டெனா மேல் விளிம்பில்தான் இருக்கும். கட்டைவிரலை அங்கே அழுத்திப் பிடித்தால் மறைப்பது மட்டுமல்ல, ஆன்டெனாவின் சுருதியே கலைந்துவிடும். ஓரிரு செ.மீ. இடைவெளி விட்டாலே வித்தியாசம் தெரியும்.

என் ஓட்டு முதுகுப் பையின் மேல்மூடிக்கு. தோளுக்கு மேலே, வானத்தைப் பார்த்து இருக்கும் இடம் அது. ஆனால் அதே மூடிக்குள் எவர்சில்வர் டிபன் பாக்ஸோ ஸ்டீல் தண்ணீர் பாட்டிலோ கருவிக்கு மேலே வந்துவிடக் கூடாது. பை கட்டும்போது சாப்பாடு கீழே, கருவி மேலே. பவர் பேங்கைப் பக்கத்தில் வைத்தால் சரி, மேலே வைத்தால் தப்பு.

உலோகம்: தடிமன் பார்க்க வேண்டாம்

இந்த அலை அலுமினியத்துக்குள் ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்துக்கு மேல் இறங்காது. சப்பாத்தி சுற்றும் ஃபாயில் அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் ஃபாயிலும் இரும்புப் பெட்டியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கத்தில் பளபளக்கும் அலுமினியப் பூச்சோ ஒரு மைக்ரானில் நூறில் சில பங்கு கனம்தான். அலையை உறிஞ்ச அது போதாது. ஆனாலும் அது இடைவெளி இல்லாமல் மின்சாரம் பாயும் ஒரு பரப்பு என்பதால், அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓர் எலக்ட்ரீஷியன், நிறுவனம் தந்த ஜி.பி.எஸ். கருவியைக் காலி நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுக்குள் வைத்துத் தன் இருப்பிடத்தை மறைத்ததாக எழுந்த வேலை நீக்க வழக்கு 2017-ல் செய்தியானது.

மொட்டை மாடியில் நீங்களே பார்க்கலாம். போனில் செயற்கைக்கோள் பட்டியலையும் ஒவ்வொன்றின் சிக்னல் பலத்தைப் பட்டையாகவும் காட்டும் ஆப்பைத் திறந்து, ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, பெரிய பாக்கெட்டுக்குள் போனைத் தள்ளுங்கள். முதலில் வாயை அகலமாகத் திறந்தே வையுங்கள், பிறகு இரண்டு மூன்று மடிப்பு மடியுங்கள். வெளியே எடுத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டால், வாய் திறந்திருந்த நேரத்தில் சில பட்டைகள் குட்டையாக நின்றிருக்கும், மடித்த பிறகு அவையும் சரிந்திருக்கும். அலைநீளத்தில் பாதியான ஒன்பதரை செ.மீ.க்கு நீண்டிருக்கும் எந்தத் திறப்பும் இந்த அலைக்கு நல்ல வாசல், பாக்கெட்டின் வாய் அந்த அளவுக்கு அகலம். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே சிக்னல் புகுவதும், சிறு கண்ணுள்ள கம்பி வலையில் தடுமாறுவதும் இதே கணக்கில்தான். நைலான் கொசுவலையால் ஒரு பாதிப்பும் இல்லை.

காந்த ஹோல்டர் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஜி.பி.எஸ்.ஸைக் கெடுக்காது. திசைகாட்டியைத்தான் கெடுக்கும், அதனால் மேப்பில் அம்புக்குறி தப்பான பக்கம் திரும்பும். போனின் முதுகில் ஒட்டும் இரும்புத் தகடு ஆன்டெனா மேல் விழுந்தால் மட்டும் சிக்னலும் குறையும். தகட்டைக் கீழ்ப்பாதியில் ஒட்டுங்கள்.

கூரைகள்

ஓலைக் கூரையின் கீழ் கருவி நன்றாகவே வேலை செய்யும். காய்ந்த ஓட்டுக் கூரையும் நல்ல தோழன், ஆனால் மழையில் ஊறிய ஓடு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் தளரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் தகர ஷீட்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சிக்னலுக்கு இரண்டும் இரு துருவம். முன்னது சிமென்ட் என்பதால் சில டெசிபலோடு விட்டுவிடும். பின்னது மேலிருந்து வரும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்தக் கொட்டகைக்குள் ஏதாவது கிடைத்தால் அது பக்கவாட்டிலிருந்து வருவது.

கான்கிரீட் தளம் இருபது டெசிபலுக்கு மேலும் எடுக்கக்கூடியது. உள்ளே இருக்கும் கம்பிக் கட்டும் கலவையில் தங்கிய ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. செங்கல் சுவர் அந்த அளவுக்கு இல்லை. அதனால் மாடி வீட்டுக்குள் நடுக்கூடத்தைவிட ஜன்னலோரம் எப்போதும் மேல்.

கார்க் கண்ணாடி

சாதாரணக் கண்ணாடி ஓரிரு டெசிபலோடு சரி. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி இருபது, முப்பது டெசிபல்கூட எடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒட்டும் ஃபிலிமும் இப்படியே: சாயம் மட்டும் ஏற்றியது விட்டுவிடும், உலோகத் துகள் கலந்தது மறைக்கும். பூச்சுள்ள முன்கண்ணாடி கொண்ட பல கார்களில் உள்கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு பகுதியைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள், சுங்கச்சாவடி டேக் போன்றவற்றுக்காக. கருவிக்கும் அதுவே இடம். மற்ற கார்களில் டாஷ்போர்டின் மேல்தளம் போதும். சீட்டுகளுக்கு நடுவில் கப் வைக்கும் குழியில் போட்டால் தலைக்கு மேல் முழுக்க இரும்புக் கூரை.

படகு

இந்த ஒப்பீட்டில் பிழைக்கு விலை அதிகம் உள்ள இடம் இதுதான். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் 1976 ஒப்பந்தமும் வகுத்த இந்திய-இலங்கை எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது, கருவியின் திரையில்தான் தெரியும். ஃபைபர் வள்ளமும் மரப் படகும் சிக்னலுக்குத் தடையே இல்லை, கருவியை எங்கே வைத்தாலும் பெரும்பாலும் எடுக்கும். இரும்பு வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) உள்ள விசைப்படகில் உள்ளே வைத்தால் எடுக்காது, வெளியே ஆன்டெனா வேண்டும். பாலித்தீன் கவரில் போட்டு வைப்பது சரியான வழக்கம். ஆனால் கவரின் மேல் மடிப்பில் கடல் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் அதைத் தட்டிவிட வேண்டும். கவரால் வராத கேடு அந்தத் தேங்கிய தண்ணீரால் வரும்.

காடும் பாறையும்: எது மோசம்?

இலை என்பது தண்ணீரைத் தாங்கி நிற்கும் தட்டு. முதுமலைப் பக்கத் தேக்குகள் கோடையில் இலை உதிர்த்து நிற்கும்போது வானம் திறந்துகிடக்கும், மழைக்குப் பிறகு அதே இடத்தில் பட்டைகள் குட்டையாகும். நீலகிரிச் சோலைகள் ஆண்டு முழுக்க அடர்த்தி. ஆனாலும் இலைக்கூட்டத்துக்குள் கருவி தடுமாறினால் அது திரையில் தெரிந்துவிடும்.

எனக்குப் பாறைச் சுவரைப் பார்த்தால்தான் பயம். அது நேர்ச் சிக்னலை மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கப் பாறையில் பட்டுத் தெறித்த சிக்னலைக் கொடுக்கும். சுற்றி வந்த தூரத்தையும் கருவி நேர்த்தூரம் என்றே நம்பும். பட்டை உயரமாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும். நகரத்தில் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த தெருவும் இதே ரகம். சிக்னலே இல்லை என்றால் நாம் எச்சரிக்கையாகிவிடுவோம், தப்பான சிக்னலை நம்பி நடந்துகொண்டே இருப்போம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முன்னதையே எடுப்பேன்.

இங்கே கருவியின் ரகமும் பேசும். எல்5 என்ற இன்னொரு ஜி.பி.எஸ். அலைவரிசையையும் எடுக்கும் புதிய போன்கள், கருவிகள் தெறித்த சிக்னலைப் பிரித்துக் காண்பதில் முந்துகின்றன, அந்தக் குறியீட்டின் துண்டுகள் பத்து மடங்கு பொடிசு என்பதால். ஆன்டெனாவிலும் இரண்டு ரகம் உண்டு. கார்மின் ஈட்ரெக்ஸ் போன்றவற்றில் இருக்கும் தட்டை ஆன்டெனா வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் 64 போன்றவற்றில் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பையில் செங்குத்தாகச் செருகி நடப்பவர்களுக்குச் சுருள் ரகமே பொருத்தம்.

அப்புறம் ஒரு பழக்கம். கருவியைக் காட்டுக்குள் போய் ஆன் செய்யாமல், திறந்தவெளியிலேயே ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 செகண்டுக்கு ஒரு முறை சொல்கிறது, அதை இடையில் அறுபடாமல் கேட்டாக வேண்டும். ஒருமுறை பிடித்த சிக்னலைத் தொடர்வது புதிதாகப் பிடிப்பதைவிட எளிது. ஊருக்குள் போன் வேகமாக இருப்பதற்குக் காரணம் அந்த விவரத்தை இணையத்தில் வாங்கிவிடுவது. டவர் இல்லாத மலையில் அந்தச் சலுகை கிடையாது.

வீட்டில் சோதிப்பது எப்படி?

ஆண்ட்ராய்டில் ஜி.பி.எஸ். டெஸ்ட் என்ற இலவச ஆப் ஒவ்வொரு செயற்கைக்கோளின் டெசிபல்-ஹெர்ட்ஸ் எண்ணையும் காட்டும். ஐபோன் இந்த எண்ணை ஆப்களுக்குத் தருவதில்லை. திரையில் வரும் "துல்லியம் 4 மீ." என்பதை வைத்து ஒப்பிடாதீர்கள், அது கருவியின் ஊகம். உச்சிவானத்தில் இருக்கும் ஒரு செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுத்து அதன் எண்ணை மட்டும் பாருங்கள். பொருளை மேலே வைத்து ஒரு நிமிடம், எடுத்துவிட்டு ஒரு நிமிடம் என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் சோதித்து ஒப்பிட்டால் பயனில்லை, அதற்குள் வானமே மாறியிருக்கும். மறுநாள் தொடர வேண்டுமென்றால் நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்தில் உட்காருங்கள், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய அதே இடங்களுக்கு வந்திருக்கும். பொருளை எடுத்ததும் எண் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் வேறு ஏதோ நடுவில் மாறியிருக்கிறது, அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி செய்யுங்கள்.